கயிறு பிடிக்கிறவர்கள்

(தூத்துக்குடியில் கூடைப்பந்து ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மைதானத்திலிருந்து நேராக வந்து, வியர்வை காயாத பனியனோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, இந்தப் பேச்சு முதலில் உங்களுக்குத்தான்.

எனக்குத் தந்திருக்கும் கேள்வி இது: ஆளுக்கு ஆள் பேர்பெற்ற ஆட்டக்காரர்களாகப் பொறுக்கி எடுத்து, புதிதாக ஒரு கூடைப்பந்து அணியை உண்டாக்கினால் அவர்களுக்குள் கெமிஸ்ட்ரி வருமா?

கோடை பிறந்தால் இந்தக் கேள்வி நம் ஊர் மைதானங்களில் எல்லாம் எழும். ஒரு டோர்னமெண்டுக்காக எங்கிருந்தோ ஒரு சென்டர், வேறெங்கிருந்தோ ஒரு ஷூட்டர் என்று ஆள் சேர்க்கிறோம். காகிதத்தில் பெயர்களைப் படித்தால் கோப்பை நமக்கே என்று தோன்றும். இரண்டாவது ஆட்டத்திலேயே, ஒரே பள்ளியில் படித்து ஒரே மைதானத்தில் வளர்ந்த ஐந்து சாதாரணப் பையன்களிடம் அந்த அணி தோற்றுப் போகும். பார்த்தவர்கள், ‘ஆளெல்லாம் நல்ல ஆள்தான், ஏனோ சேரவில்லை’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த ‘ஏனோ’ என்ன என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெமிஸ்ட்ரி வரும். ஐந்து பேருக்குள் ஒரே வீச்சில் வராது. இரண்டிரண்டு பேராகத்தான் வரும். அந்த இருவரில் ஒருவர் மற்றவருக்காகத் தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் வரும். இருவரும் சம்மதிக்காவிட்டால் பத்து வருஷம் சேர்ந்து ஆடினாலும் வராது.

உலகம் அறிந்த தோல்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். அமெரிக்க அணியில் டிம் டங்கன் இருந்தார், ஆலன் ஐவர்சன் இருந்தார், இளைஞர்களாக லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கார்மெலோ ஆந்தனி இருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவிடம் 73-92 என்று தோற்றார்கள். 1992இல் என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் ஒலிம்பிக்கில் ஆடத் தொடங்கியபின் அமெரிக்காவுக்கு அதுதான் முதல் தோல்வி. பிறகு லிதுவேனியாவிடமும், அரையிறுதியில் அர்ஜென்டினாவிடமும் தோற்று, வெண்கலத்தோடு திரும்பினார்கள். தங்கம் அர்ஜென்டினாவுக்கு. மானு ஜினோபிலியும் லூயிஸ் ஸ்கோலாவும் ஓபெர்த்தோவும் அங்கே பல ஆண்டுகளாகச் சேர்ந்து ஆடியவர்கள். 2002 உலகப் போட்டியிலேயே அமெரிக்காவை அவர்கள் மண்ணில் வைத்துத் தோற்கடித்தவர்கள். அமெரிக்க அணியோ சில வாரங்களுக்கு முன் கூடியது.

இதைக் கேட்டவுடன், ‘சரி, காலம்தான் காரணம். சேர்ந்து நாளாக வேண்டும்’ என்று முடிவு கட்டத் தோன்றும். நாளாக வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நாள் மட்டும் போதும் என்றால், நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு என்ற தொழிலே நடந்திருக்க முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், வருஷா வருஷம் நடந்த ஒன்று அல்ல. கடலடியில் உள்ள பார்கள் என்னும் பாறைத்திட்டுகளில் சிப்பி விளைந்து முற்றியிருந்தால்தான் சலாபம். அந்தப் பார்களைப் போய்ப் பார்த்து, மாதிரிச் சிப்பி எடுத்துச் சோதித்து, தேறும் என்று தெரிந்தபின்தான் அறிவிப்பார்கள். இடையில் பல வருஷம் வெறுமையாகப் போகும். இருபது ஆண்டுக்கு மேல் போனதும் உண்டு. தூத்துக்குடியில் 1955இல் தொடங்கி 1961 வரை தொடர்ந்து நடந்தது. 1961தான் கடைசி. அறிவித்துவிட்டால் கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்களுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆக, ஒவ்வொரு சலாபத்துக்கும் புதிதாக ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. பழகிக்கொள்ள அவகாசம் கிடையாது. பிழை நேர்ந்தால் போவது உயிர். சேர்ந்தவர்களும் சாதாரண ஆட்கள் அல்ல. அந்தந்த ஊரில் மூச்சடக்குவதில் பேர்பெற்றவர்கள்.

ராபர்ட் பெர்சிவல் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி இலங்கையைப் பற்றி எழுதிய புத்தகம் 1803இல் வெளிவந்தது. மன்னார்க் கடலின் அக்கரையில் நடந்த முத்துக்குளிப்பை அதில் விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே வந்த தோணிகள் இலங்கைத் தோணிகள் அல்ல. தூத்துக்குடியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் போனவை. குளிப்பவர்களில் சிறந்தவர்கள் மலையாளக் கரையிலிருந்தும் மன்னார்த் தீவிலிருந்தும் வந்தார்கள் என்கிறார். ஒரு ஊர்த் தோணி, வேறு ஊர்க் குளியாட்கள். நம் கரையிலும் கத்தோலிக்கப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் ஒரே பாரில் இறங்கினார்கள். இன்றைய மொழியில் சொன்னால், அத்தனையும் நட்சத்திரங்களைப் பொறுக்கிச் சேர்த்த அணிகள்.

அந்தத் தோணிக்குள் ஆட்களை எப்படி வைத்தார்கள் என்று பெர்சிவல் சொல்வதைக் கூடைப்பந்துக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தோணிக்கு ஒரு தண்டல், அவருக்குக் கீழே இருபது பேர். இருபதில் பத்துப் பேர்தான் குளிப்பவர்கள். மற்றப் பத்துப் பேர் துடுப்புப் போடுவார்கள். பாரை அடைந்தபின் குளிப்பவர்களை மேலே தூக்குவார்கள். குளிக்கும் பத்துப் பேரும் ஒரே சமயத்தில் இறங்குவதில்லை. ஐந்து பேர் இறங்குவார்கள். அவர்கள் மேலே வந்ததும் அடுத்த ஐந்து பேர். இறங்காத ஐவர் மூச்சு வாங்கித் தேறிக்கொள்வார்கள். களத்தில் ஐவர், பெஞ்சில் ஐவர்! கூடைப்பந்து ஆட்டத்தின் விதிகளை யாரும் எழுதுவதற்கு 88 வருஷம் முன்பு அச்சான புத்தகம் அது. எண்ணிக்கை ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் பத்துப் பேர் இறங்கப் பத்துப் பேர் தூக்க நின்றார்களே, அது தற்செயல் அல்ல. அதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒருவர் இறங்குவதைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். தோணியின் பக்கவாட்டில் ஒரு கல் கயிற்றில் தொங்குகிறது. கூம்பு வடிவம், மேல்முனையில் துளை, துளை வழியாகக் கயிறு. குளிப்பவர் வலக்கால் விரல்களால் அந்தக் கயிற்றைப் பற்றிக்கொள்கிறார். இடக்கால் விரல்களில் வலைப்பை. வலக்கையில் இன்னொரு கயிறு. இடக்கையால் மூக்கைப் பொத்துகிறார். கல் இழுக்க, அடிக்குப் போகிறார். வலைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைக்கு எட்டியதை எல்லாம் வாரிப் போடுகிறார். ஒரு நிமிஷம், கூடிப்போனால் அதற்குச் சற்று மேல். பிறகு வலக்கையில் உள்ள கயிற்றை இழுக்கிறார், அதுதான் சைகை. அந்தக் கணமே மேலே நிற்பவர் தூக்கியாக வேண்டும். கல்லைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், முதலில் ஆள். இப்படி ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை இறங்கினார்கள் என்கிறார் பெர்சிவல். காதிலும் மூக்கிலும் ரத்தம் வரும் தொழில்.

இப்போது மேலே நிற்பவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குத் தண்ணீர்தான் தெரிகிறது. கீழே இருப்பவரின் முகம் தெரியாது, குரல் கேட்காது. கயிற்றில் வரும் அதிர்வு மட்டும் அவர் விரல்களுக்குத் தெரியும். அது அலையின் இழுப்பா, பாறையில் உரசலா, ஆளின் சைகையா என்று அவர் பிரித்து அறிய வேண்டும். குளிப்பவருக்கு எவ்வளவு திறமை வேண்டுமோ அவ்வளவு திறமை கயிறு பிடிப்பவருக்கும் வேண்டும். ஆனால் ஊர் பேசியது குளித்தவரைத்தான். முத்து எடுத்தவர் பெயர் நின்றது. கயிறு பிடித்தவர் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

முத்துக்குளிப்பவனின் கயிற்றை அவன் மைத்துனன்தான் பிடிப்பான் என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் கவனம் சிதறாது என்பது அதன் பொருள். எல்லாத் தோணியிலும் மச்சான்தான் பிடித்தானா என்பது இங்கே முக்கியமில்லை. தோணியில் இருக்கும் இருபது பேரையும் நம்பு என்று இந்தக் கரை யாரிடமும் கேட்கவில்லை. உன் கயிற்றைப் பிடிக்கும் ஒருவனை நம்பு, அவன் உன்னை நம்பட்டும் என்றுதான் கேட்டது. அப்படிப் பத்து ஜோடி சேர்ந்தால், வெவ்வேறு ஊர், வெவ்வேறு மதம், நேற்றுவரை முகம் பார்த்திராதவர்கள், எல்லாரும் ஒரே தோணியில் ஏறி நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துப் புறப்பட்டுவிடலாம்.

பங்கு பிரித்த விதத்தையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கரைக்கு வந்த சிப்பியைக் கொட்டு என்ற அடைப்புக்குள் கொண்டுபோய் மூன்று குவியலாக்க வேண்டியிருந்தது. குவிப்பவர்கள் குளிக்கப் போனவர்களே. எந்த இரண்டு குவியல் அரசுக்கு என்று கைகாட்டுபவர் அரசு அதிகாரி. மிஞ்சியது தோணிக்காரர்களுக்கு. பிரிக்கிறவர் கையில் தேர்வு இல்லை. அதனால் குவியல்கள் சமமாகவே இருக்கும். தோணிக்கு வந்த அந்த ஒரு குவியலிலிருந்துதான் குளித்தவருக்கும் பங்கு, கயிறு பிடித்தவருக்கும் பங்கு. குளித்தவர் எண்ணிக்கை குறைந்தால் கயிறு பிடித்தவர் வீட்டு அடுப்பும் பாதிக்கப்படும். 1905இல் இலங்கைப் பக்கம் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரபு நாட்டவரும் தமிழரும் மலையாளிகளும் கலந்து வேலை செய்த அந்தக் கூட்டம், சில வாரங்களில் அதைச் செய்து முடித்தது என்றால் இந்த ஏற்பாட்டின் பலம் அது.

இன்று முத்துக்குளிப்பு இல்லை, சங்குகுளிப்பு இருக்கிறது. திரேஸ்புரத்தில் சங்குகுளி வள்ளங்களைப் போய்ப் பாருங்கள். கல் போய், கம்ப்ரசரும் நீளமான டியூபும் வந்துவிட்டன. வாயில் டியூபைக் கவ்விக்கொண்டு இறங்கி, முன்பு ஒரு நிமிஷம் இருந்த இடத்தில் மணிக்கணக்கில் இருக்கிறார்கள். உடம்புக்குப் பெரும் கேடு. கை கால் விழுந்தவர்களும் உயிரை விட்டவர்களும் உண்டு. அதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டும், அரசு காதிலும் போட வேண்டும். நம் பேச்சுக்கு வேண்டியது ஒன்றுதான். மேலே ஒருவர் டியூபைக் கவனித்துக்கொண்டே நிற்பார். டியூப் மடங்கினால், மிஷின் நின்றால், கீழே இருப்பவருக்குக் காற்றில்லை. கருவி மாறியும் அந்த ஜோடி மாறவில்லை.

இனி கூடைப்பந்துக்கு வருவோம். நட்சத்திரங்களைச் சேர்க்கும் அணிகள் ஏன் தடுமாறுகின்றன? குளிப்பதற்குப் பத்துப் பேரைச் சேர்க்கிறார்கள், கயிறு பிடிப்பதற்கு ஒருவரையும் சேர்ப்பதில்லை. எல்லாருக்கும் பந்து வேண்டும். எதிராளியின் வழியில் நின்று ஸ்கிரீன் போட்டு மோதல் வாங்க யார்? அடுத்தவன் ஆள் நழுவி வரும்போது தன் ஆளை விட்டுவிட்டுப் போய் மறிக்க யார்? ஷாட் விழாது என்று தெரிந்தும் ரீபவுண்டுக்கு உள்ளே நுழைந்து முழங்கை இடி வாங்க யார்?

ரோடெரிக் ஸ்வாபும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2014இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கால்பந்திலும் கூடைப்பந்திலும் உச்ச ஆட்டக்காரர்களின் விகிதம் கூடக்கூட ஓர் எல்லை வரை அணி முன்னேறுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால் இறங்குகிறது. பேஸ்பாலில் இந்த இறக்கம் இல்லை. அங்கே ஒவ்வொருவரும் பெரும்பாலும் தனித்தனியாகத் தன் வேலையைச் செய்யலாம். கூடைப்பந்தில் ஒருவர் நகர்ந்தால் மற்ற நால்வரும் நகர வேண்டும். இந்த ஆய்வை எடுத்துக்காட்டி, ‘நட்சத்திரங்களே வேண்டாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நட்சத்திரங்களும் கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ள முடியும். அதற்குச் சாட்சி இருக்கிறது.

2007இல் பாஸ்டன் செல்டிக்ஸ். பால் பியர்ஸ் ஏற்கனவே அங்கே இருந்தார். அந்த ஒரே கோடையில் ரே ஆலனும் கெவின் கார்னெட்டும் வந்து சேர்ந்தார்கள். மூவரும் தத்தம் அணியின் தலைமை ஆட்டக்காரர்கள். முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆலன் 26.4, பியர்ஸ் 25.0, கார்னெட் 22.4 புள்ளி. மூவரும் சேர்ந்தபின் அந்தக் கணக்கு என்ன ஆனது? ஆலன் 17.4, பியர்ஸ் 19.6, கார்னெட் 18.8. கூட்டிப் பாருங்கள்: 73.8 இருந்தது 55.8 ஆனது. மூன்று பேருக்கும் சேர்த்து ஆட்டத்துக்குப் பதினெட்டுப் புள்ளி போயிற்று. அணியோ முந்தைய சீசனில் 24 வெற்றி பெற்றது, இந்த சீசனில் 66 வெற்றி பெற்றது. சேர்ந்த முதல் வருஷத்திலேயே சாம்பியன். பதினெட்டுப் புள்ளியைக் கீழே வைத்துவிட்டு நாற்பத்திரண்டு வெற்றியைக் கையில் எடுத்தார்கள். ‘கெமிஸ்ட்ரி வர மூன்று வருஷம் ஆகும்’ என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மயாமி ஹீட் கதை கொஞ்சம் நீளம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. 2010இல் டுவைன் வேட் இருந்த அணிக்கு லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் வந்தார்கள். முதல் 17 ஆட்டத்தில் ஒன்பது வெற்றி, எட்டுத் தோல்வி. ஒருவழியாக இறுதிப்போட்டி வரை போய், டல்லஸிடம் 4-2 என்று தோற்றார்கள். லெப்ரானும் வேடும் ஒரே வகை ஆட்டக்காரர்கள், இருவருக்கும் பந்து கையில் இருக்க வேண்டும். இருவருமே குளிப்பவர்கள். தோற்ற பிறகு வேட் ஒரு முடிவெடுத்தார். அது அவர் அணி, மயாமிக்காரர்களின் செல்லப்பிள்ளை அவர். அப்படியும் லெப்ரானை முன்னே விட்டுத் தான் ஒரு அடி பின்னால் நின்றார். 2012இல் கோப்பை வந்தது.

என் மனதில் நிற்பது அதற்கு அடுத்த வருஷம். 2013 ஜூன், இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். சான் அன்டோனியோ 3-2 என்று முன்னிலை. இந்த ஆட்டத்தை வென்றால் கோப்பை அவர்களுக்கு. கடைசி நொடிகளில் 95-92 என்று முந்துகிறார்கள். லெப்ரான் எறிந்த மூன்று புள்ளி ஷாட் விழவில்லை. பந்து எகிறுகிறது. கூட்டத்துக்கு நடுவே எழும்பி அதைப் பிடித்தவர் கிறிஸ் பாஷ். டொரொண்டோவில் ஆடிய கடைசி சீசனில் ஆட்டத்துக்கு 24 புள்ளி எடுத்தவர் அவர். அவசரப்பட்டுத் தானே எறிந்திருக்கலாம். அவர் எறியவில்லை, வலது மூலையைப் பார்த்தார். பாஸ்டனில் பதினெட்டுப் புள்ளி விட்டுக்கொடுத்த மூவரில் ஒருவரான அதே ரே ஆலன், இப்போது மயாமி ஆட்டக்காரராக, கண் பந்திலேயே இருக்கப் பின்னோக்கி அடியெடுத்து மூலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பாஷ் கொடுத்தார். ஆலன் கோட்டுக்குப் பின்னே கால் ஊன்றி எறிந்தார். 5.2 நொடி மிச்சம் இருக்க, 95-95. கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என்று வென்றது. எதிரணியின் கடைசி ஷாட்டைத் தடுத்தவரும் பாஷ்தான்.

இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டம். மயாமி வென்று கோப்பையை எடுத்தது. அந்த ஆட்டத்தில் பாஷ் எடுத்த புள்ளி எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். உலகின் மிகப் பெரிய மேடையில், நட்சத்திரம் என்று அழைத்துக் கோடிகள் கொடுத்துக் கூட்டி வந்த ஒருவர், ஒரு புள்ளிகூட எடுக்காமல் சாம்பியன் ஆனார். தம்பிகளே, தங்கைகளே, உங்களில் யாராவது இன்று ஒரு புள்ளியும் எடுக்காமல் அணியை ஜெயிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், அப்பா ‘எத்தனை பாஸ்கெட்?’ என்று கேட்பார். கேட்கட்டும். கிறிஸ் பாஷ் பேரைச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி. 2004 தோல்விக்குப் பிறகு அமெரிக்கா பாடம் கற்றது. 2005இல் ஜெர்ரி கொலாஞ்செலோவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் வருவேன் என்று வாக்குக் கொடுப்பவருக்கே இடம் என்றார் அவர். ஆனாலும் 2006 உலகப் போட்டி அரையிறுதியில் கிரீஸிடம் 95-101 என்று தோற்றார்கள். அந்த கிரீஸ் அணியில் அப்போது என்.பி.ஏ.வில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட இல்லை. அவர்கள் திரும்பத் திரும்பச் செய்தது ஒரே வேலை: பாபலூகாஸ் பந்தோடு வருவார், உயர்ந்து பருத்த ஸ்கோர்ட்சானிடிஸ் ஸ்கிரீன் போட்டுவிட்டுக் கூடையை நோக்கித் திரும்புவார். பிக் அண்ட் ரோல். இருவர் ஆட்டம். பன்னிரண்டு நட்சத்திரங்களுக்கு எதிராக ஒரு நல்ல ஜோடி! அந்தத் தோல்விக்குப் பிறகும் அமெரிக்கர்கள் வாக்கு மாறாமல் சேர்ந்து நின்று 2008இல் பெய்ஜிங்கில் தங்கத்தை மீட்டார்கள்.

புரூக்ளின் நெட்ஸ் அணியில் டுராண்ட், இர்விங், ஹார்டன் மூவரும் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்பீர்கள். காயம், விடுப்பு என்று போய், பிளே-ஆஃப் ஆட்டங்களையும் கூட்டினால் மூவரும் சேர்ந்து களத்தில் நின்றது 16 தடவை. அதில் 13 வெற்றி. பிறகு பிரிந்துவிட்டார்கள். அதை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2014 ஜூலையில் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய ஆண்கள் அணி சீனாவை 65-58 என்று வென்றது. சீனாவை அதன் மண்ணில்! அந்த அணியின் முதுகெலும்பாக இருந்த உயரக்காரர்கள் இருவர், அம்ஜோத் சிங்கும் அம்ரித்பால் சிங்கும், லூதியானா கூடைப்பந்து அகாடமியில் பயிற்சி பெற்றவர்கள். தேசிய அணி என்பது ஊர் ஊராகப் பொறுக்கிய அணிதான். ஆனால் அதற்குள் ஏற்கனவே பழுத்த ஒரு ஜோடி இருந்தது. மற்றவர்கள் அந்த ஜோடியைச் சுற்றி நின்றார்கள்.

தமிழ்நாட்டில் வேறொரு வழி உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் பேங்க், வருமான வரித்துறை, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். போன்ற நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து அணி வைத்திருக்கின்றன. அவர்கள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஒரே மைதானத்தில் வருஷக்கணக்கில் பயிற்சி எடுப்பவர்கள். பெரியகுளத்தில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். கண்ணைத் திருப்பாமலே பாஸ் போகும். மாநில அணி என்று வரும்போது, நேற்றுவரை எதிரெதிரே மோதிய இந்த அணிகளிலிருந்து ஆள் எடுத்துச் சேர்க்கிறார்கள். 2022இல் சென்னையில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாட்டு ஆண்கள் அணி பஞ்சாபை வென்றது. நிறுவன அணிகளில் உருவான ஜோடிகள் மாநில அணிக்குள் அப்படியே வந்து சேர்வது நமக்குள்ள பெரிய பலம் என்பது என் கணிப்பு.

ஆட்டம் வேறானாலும், நம் மாவட்டத்துக் கோவில்பட்டியைச் சொல்லாமல் விட மனமில்லை. கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் ஒன்றாகப் போனார்கள். ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோல் போட்டார். ஒரே விடுதி, ஒரே மைதானம், இரண்டு பையன்கள், பிறகு நாட்டின் சட்டை. கூடைப்பந்திலும் இதைச் செய்ய இந்த மாவட்டத்துக்கு என்ன குறை? உயரமான பிள்ளைகள் இருக்கிறார்கள். மூச்சுப் பிடிக்கும் நெஞ்சு பரம்பரையாக வந்திருக்கிறது. உப்பளத்திலும் துறைமுகத்திலும் கடலிலும் உழைக்கும் வீடுகளின் பிள்ளைகளுக்குச் சேர்ந்து வேலை செய்வது என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பயிற்சியாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. செலக்‌ஷனுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடும்போது தனித்தனியாக ஷூட் பண்ணச் சொல்லிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இருவர் இருவராக ஆட விட்டுப் பாருங்கள். ஒருவனோடு நன்றாக ஆடும் ஒருவனை, அவன் புள்ளி குறைவு என்பதற்காகக் கழித்துவிடாதீர்கள். வெளியூரிலிருந்து ஒரு நட்சத்திரத்தைக் கூட்டி வந்தால், முதல் நாளே ஐவர் ஆட்டத்தில் இறக்காமல், நம் பையன் ஒருவனோடு சேர்த்துவிட்டு ஒரு வாரம் இருவர் ஆட்டம் ஆட விடுங்கள். அதன்பின் மூன்றாவது ஆளைச் சேருங்கள்.

போட்டி நடத்துபவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஸ்கோர் புத்தகத்தில் புள்ளிக்கு ஒரு பத்தி இருக்கிறது, ஃபவுலுக்கு ஒரு பத்தி இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, ஸ்கிரீன் போட்டவர், அடுத்தவர் ஆளை மறித்தவர், கடைசி பாஸ் கொடுத்தவர் பெயர்களை எழுதுங்கள். பரிசளிப்பில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கோப்பை கொடுக்கும்போது, அந்தப் பத்தியில் முதலில் நிற்பவருக்கும் அதே அளவுக் கோப்பை கொடுங்கள். இந்தக் கோடைப் போட்டியிலிருந்தே தொடங்குங்கள்.